எபிபென் ஊசி கைவிரலில் குத்திவிட்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். அதற்கு முன்னால் ஒன்பது வருஷம் குவைத்தில். எங்கள் மாவட்டத்தில் வளைகுடாவில் ஆள் இல்லாத குடும்பம் குறைவு. லீவுக்கு வருகிறவர்களின் பெட்டியில் பால்பவுடரோடும் தைலத்தோடும் இப்போது எபிபென்னும் வந்து இறங்குகிறது. நம்மூர் மருந்துக்கடையில் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிற சாமான் இல்லை அது. அதனாலேயே யாருக்கும் பிடித்துப் பழக்கமில்லை. மாற்றிப் பிடித்துத் தன் விரலிலேயே குத்திக்கொள்கிறார்கள். போன தேன் சீசனில் எங்கள் குடும்பத்திலேயே நடந்தது. அதற்குப் பிறகு ஆளாளுக்கு என்னிடம் கேட்டவை இவை.

எபிபென் என்றால் என்ன? எல்லோர் வீட்டிலும் வேண்டுமா?

அட்ரினலின் மருந்து நிரப்பிய பேனா ஊசி. தேனீ, கடந்தை கொட்டியோ, இறால், நண்டு, நிலக்கடலை மாதிரி ஏதாவது சாப்பிட்டோ, மாத்திரை ஒத்துக்கொள்ளாமலோ சிலருக்கு உடம்பெல்லாம் தடித்து, தொண்டை அடைத்து, மூச்சு முட்டி, பிரஷர் இறங்கிப்போகும். உயிரே போகக்கூடிய ஒவ்வாமை அது. அந்த நேரத்தில் தொடையின் வெளிப்பக்கச் சதையில் ஏற்றவேண்டிய முதல் மருந்து அட்ரினலின்தான். பெரியவர்களுக்கான பேனாவில் 0.3 மி.கி., சின்னப் பிள்ளைகளுக்கானதில் 0.15 மி.கி. எல்லோருக்கும் வேண்டாம். டாக்டர் பார்த்து, இவருக்கு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர்கள் வைத்துக்கொண்டால் போதும்.

தொடையில் குத்தவேண்டியது விரலில் எப்படிக் குத்தும்?

எங்கள் அத்தான் கதையைச் சொன்னால் புரியும். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் தேன்பெட்டி வைத்திருக்கிறார். ரப்பர் இலை உதிர்ந்து புது இலை தளிர்க்கும்போது இலைக்காம்பின் நுனியில் தேன் சுரக்கும். தை, மாசியில் பெட்டியெல்லாம் நிறைகிற காலம். அக்கா மகனுக்குக் கொட்டு ஆகாது. முன்பு ஒரு தடவை கடந்தை கொட்டி மயங்கி விழுந்திருக்கிறான். டாக்டர் சீட்டின் பேரில் குவைத்திலிருந்து ரெண்டு எபிபென் வரவழைத்து வைத்திருந்தார்கள். அன்றைக்கு அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனவனின் கழுத்தில் ஒரு தேனீ கொட்டிவிட்டது. அஞ்சு நிமிஷத்தில் முகம் வீங்க ஆரம்பித்தது.

அத்தான் சர்க்கரைக்காரர். தினமும் இன்சுலின் பேனா போடுகிறவர். இன்சுலின் பேனாவில் ஊசி ஒரு முனையில், அழுத்துகிற பொத்தான் மறுமுனையில். பெருவிரலால் பொத்தானை அமுக்கிப் பழகிய கை அது. எபிபென்னில் அமுக்குகிற பொத்தானே கிடையாது. நீல மூடியை உருவிவிட்டு, ஆரஞ்சு முனையைத் தொடையில் வைத்து அழுத்தினால் ஊசி தானாகப் பாயும். அத்தானுக்கு அந்த ஆரஞ்சு முனை பொத்தான் மாதிரித் தெரிந்திருக்கிறது. நீல மூடியை உருவிவிட்டு, அந்த முனையைப் பையன் தொடையில் வைத்து, ஆரஞ்சைப் பெருவிரலால் ஓங்கி அமுக்கினார். ‘டக்’ என்று ஒரு சத்தம். ஊசி நகத்துக்கு நேர் பின்னால் சதையில் இறங்கிவிட்டது.

அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். ஜெக்ஸ்ட் பேனாவில் மூடி மஞ்சள், ஊசி வருகிற முனை கறுப்பு. பழைய எபிபென்னிலும் ஊசி முனை கறுப்பாகத்தான் இருந்தது, மூடி சாம்பல் நிறம். உங்கள் வீட்டில் இருப்பது எது என்று இன்றைக்கே ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மூடியை மட்டும் கழற்றாதீர்கள்.

குத்திவிட்டது. முதலில் என்ன செய்யவேண்டும்?

விரலை விடுங்கள். யாருக்காகப் பேனாவை எடுத்தீர்களோ அவரைப் பாருங்கள்.

இந்தப் பதிலுக்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன். அன்றைக்கு அத்தான் எனக்குப் போன் போட்டார். “பிள்ளே, என் விரலு செத்துப்போச்சு, வெள்ளையா இருக்கு” என்றார். பின்னால் ரெண்டு மூணு பேர் குரல். துணியால் கட்டு என்கிறார் ஒருவர், வாயால் உறிஞ்சு என்கிறார் இன்னொருவர். நான் கேட்டேன்: “அத்தான், பய எங்கே?” ஒரு நொடி சத்தமில்லை. “அவன் அந்தா பெட்டிப் பக்கத்துல இருக்கான்.” எல்லோரும் ஒரு விரலைச் சுற்றி நிற்க, பையன் தனியாகக் காலி தேன்பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறான். உதடு தடித்து, குரல் கம்மிப்போயிருக்கிறது. அவனுக்குப் போகவேண்டிய மருந்து அவன் அப்பா விரலில் இருக்கிறது. அந்த விரல் எப்படியும் பிழைத்துக்கொள்ளும். பையனுக்கு நிமிஷக் கணக்கு.

ரெண்டாவது பேனா இருந்ததால் அக்கா எடுத்து, நான் போனில் சொல்லச் சொல்ல, பையன் தொடையில் ஏற்றினாள். ரெண்டாவது பேனா இல்லையென்றால் உடனே 108-ஐக் கூப்பிட்டு, “ஒவ்வாமை, மூச்சு முட்டுகிறது, அட்ரினலின் போடவில்லை” என்று அதே வார்த்தையில் சொல்லுங்கள். வண்டி வர நேரமாகும் என்றால் எந்த வண்டி கிடைக்கிறதோ அதில் கிளம்புங்கள். ஆளைப் படுக்கவைத்துக் காலை உயர்த்தி வையுங்கள். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரலாம். எழுந்து நடக்க மட்டும் விடாதீர்கள்.

விரல் ஏன் இப்படி வெளுத்துப்போகிறது?

அட்ரினலின் ரத்தக்குழாயைச் சுருக்கும். தொடைச் சதையில் ரத்த ஓட்டம் ஏராளம், மருந்து சீக்கிரம் உடம்பெல்லாம் பரவிவிடும். விரல் நுனியில் இடமே கொஞ்சம், உள்ளே வரும் குழாய்களும் மெலிசு. அவை இறுகினால் ரத்தம் வருவது குறைந்துபோகும். அத்தான் விரலை நான் பார்க்கும்போது முதல் கணுவரை மெழுகுவத்தி நிறம். நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. தொட்டால் பானைத் தண்ணீரில் வைத்திருந்த விரல் மாதிரிச் சில்லென்று இருந்தது. நகத்தை அமுக்கிவிட்டால் சாதாரணமாக ரெண்டு வினாடிக்குள் சிவப்பு திரும்பும். அவருக்கு நான் எண்ணிக்கொண்டே இருந்தேன், திரும்பவில்லை. மரத்துப்போதல், எரிச்சல், ஊசி குத்துகிற மாதிரி உணர்வு எல்லாம் இதோடு சேர்ந்து வரும்.

விரல் அழுகிப்போகுமா? வெட்டவேண்டி வருமா?

இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது. அழுகிப்போவது நடப்பதாகத் தெரியவில்லை. 2007-ல் வந்த ஒரு மருத்துவக் கட்டுரை, இதே வீரியமுள்ள அட்ரினலின் விரலில் ஏறிய 59 பேரின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தது. ஒருவருக்கும் விரல் போகவில்லை. அதில் 32 பேருக்கு மாற்று மருந்தே கொடுக்கவில்லை. 2010-ல் அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநில விஷ முறிவு மையங்களுக்கு வந்த அழைப்புகளை ஆராய்ந்தார்கள். விரலில் குத்திக்கொண்டு கடைசிவரை தொடர்ந்து விசாரிக்கப்பட்ட 127 பேருக்கும் முழுசாகச் சரியாகிவிட்டது. யாரையும் ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டி வரவில்லை.

அப்படியென்றால் இவ்வளவு பயம் எங்கிருந்து வந்தது? விரலில் அட்ரினலின் போடவே கூடாது என்று டாக்டர்களுக்கே தலைமுறை தலைமுறையாகப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். நாங்கள் நர்ஸிங் படித்தபோதும் அதுதான் பாடம். கனடாவின் கை அறுவை சிகிச்சை நிபுணர் டொனால்ட் லலாண்டும் சக டாக்டர்களும் கை, விரல் ஆபரேஷன்களில் மரத்துப்போகும் ஊசியோடு நீர்த்த அட்ரினலினைச் சேர்த்துப் போட்ட 3110 பேரின் கணக்கை 2005-ல் வெளியிட்டார்கள். ஒரு விரலும் அழுகவில்லை. எபிபென்னில் இருப்பது அதைவிடப் பல மடங்கு வீரியம் என்பதை மறக்கக் கூடாது. அதனால் தைரியமாக இருங்கள், அலட்சியமாக இருக்காதீர்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

மோதிரம் போட்டிருந்தால் உடனே கழற்றுங்கள். சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் கையை முக்கி வையுங்கள். சூட்டைக் குத்துப்பட்ட கையால் பார்க்காதீர்கள். அது மரத்துக் கிடக்கிறது, கொதிக்கிற தண்ணீரும் அதற்குத் தெரியாது. இன்னொரு கையின் முழங்கையை முக்கிப் பாருங்கள், பிள்ளையைக் குளிப்பாட்டும் சூடு போதும். ஆறினால் மாற்றுங்கள். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆஸ்பத்திரியில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

என்ன செய்யக் கூடாது?

ஐஸ் வைக்கக் கூடாது. குளச்சல் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார், இறால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்காக வைத்திருந்த பேனா. வீட்டில் மீன் பெட்டியில் ஐஸ் இருந்ததால் விரலை அதிலேயே குத்தி வைத்துக்கொண்டு வந்தார். ஏற்கெனவே சுருங்கிய குழாய் குளிரில் இன்னும் சுருங்கும். கயிறு, துணி கட்டக் கூடாது. இது பாம்புக்கடி இல்லை (பாம்புக்கடிக்கும் இறுக்கிக் கட்டக் கூடாது, அது வேறு கதை). வாயால் உறிஞ்சுவது, பிளேடால் கீறுவது, சுண்ணாம்பு அப்புவது எதுவும் வேண்டாம். பீடி, சிகரெட் அன்றைக்கு வேண்டாம், புகையிலையும் ரத்தக்குழாயைச் சுருக்கும்.

எங்கள் ஊரில் வர்ம ஆசானிடம் போகலாமா என்று கேட்காதவர் இல்லை. எனக்கும் சுளுக்குக்கு ஆசான்தான். ஆனால் உணர்ச்சி இல்லாத விரலை அழுத்தி இழுத்தால் எவ்வளவு வலிக்கிறது என்று உங்களாலும் சொல்ல முடியாது. நிறம் திரும்பும்வரை அது வேண்டாம்.

வீட்டில் சார்பிட்ரேட் மாத்திரை இருக்கிறது. ரத்தக்குழாயை விரிக்குமாமே, போடலாமா?

போடாதீர்கள். ரத்தக்குழாயை விரிப்பது உண்மைதான், விரலில் மட்டும் விரிக்காது. உடம்பு முழுக்க பிரஷர் இறங்கும். இதய நோயாளியின் மாத்திரையை இன்னொருவர் எடுத்துப் போட்டுத் தலை சுற்றி விழுந்தால் எங்களுக்கு ரெண்டு கேஸ்.

ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டுமா?

விரல் சாதாரண நிறமாக, சூடாக, நகத்தில் சிவப்பு உடனே திரும்புகிறதாக இருந்தால் பெரும்பாலும் மருந்து வெளியே பீறிட்டுப் போயிருக்கும். டாக்டரிடம் போனிலாவது பேசிவிட்டுக் கவனித்துக்கொண்டிருக்கலாம். வெளுத்துச் சில்லிட்டிருந்தால் போங்கள். குழந்தைகள், இதய நோய், பிரஷர் உள்ளவர்கள், சர்க்கரையால் கைகாலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்கள், குளிர் பட்டாலே விரல் வெளுக்கிறவர்கள், பிரஷருக்கோ படபடப்புக்கோ ப்ரோப்ரனலால் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இவர்கள் எப்படி இருந்தாலும் போகவேண்டும். ஒவ்வாமை வந்த ஆள், ஊசி போட்டுச் சரியானாலும், கட்டாயம் போகவேண்டும். அடங்கிய ஒவ்வாமை சில மணி நேரம் கழித்துத் திரும்ப வருவது உண்டு.

எங்கே போவது? விரலுக்காக அவசரப்பட்டுத் திருவனந்தபுரம் ஓடவேண்டாம். பக்கத்தில் இருக்கிற ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். குழித்துறை, தக்கலை அரசு ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. பெரிய இடம் வேண்டுமென்றால் ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ். இந்தக் கேஸ் எல்லா டாக்டரும் பார்த்திருக்கமாட்டார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. டெல்லி எய்ம்ஸின் தேசிய விஷத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்த நேரமும் கேட்கலாம். எங்கள் டூட்டி டாக்டர் அன்றைக்கு அங்கேதான் கேட்டார். குத்திய பேனாவையும் கூடவே கொண்டுபோங்கள். எந்த மருந்து, எவ்வளவு என்று அதிலேயே எழுதியிருக்கும்.

அங்கே என்ன செய்வார்கள்?

முக்கால்வாசிப் பேருக்குப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வைத்தியம். நாடி, பிரஷர் பார்ப்பார்கள், நெஞ்சுப் படபடப்பு இருந்தால் ஈசிஜி எடுப்பார்கள், டிடி ஊசி போட்டு எத்தனை வருஷம் என்று கேட்பார்கள், வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைக்கச் சொல்வார்கள். அரை மணிக்கு ஒருதரம் நகத்தை அமுக்கிப் பார்ப்பார்கள்.

நிறம் திரும்பத் தாமதமானால் ஃபென்டோலமைன் என்ற ஊசிமருந்து இருக்கிறது. அட்ரினலின் எந்தப் பூட்டில் போய் உட்கார்ந்து குழாயை இறுக்குகிறதோ அதே பூட்டை இது அடைத்துவிடும். குத்துப்பட்ட இடத்திலேயே சில மில்லிகிராம் போடுவார்கள். லலாண்ட் குழுவே ஆபரேஷன் அளவு அட்ரினலினை வைத்து இதைச் சோதித்திருக்கிறது. ஃபென்டோலமைன் போட்ட கைக்கு நிறம் திரும்பச் சராசரியாக 85 நிமிஷம், போடாததற்கு 320 நிமிஷம். ஆக, விரலைக் காப்பாற்றுவதைவிட வலியும் காத்திருப்பும் குறைவதுதான் அதன் லாபம். எல்லா ஆஸ்பத்திரி ஸ்டாக்கிலும் அது இருக்காது. இல்லாத இடத்தில் ஆஸ்துமாவுக்குப் போடுகிற டெர்புடலினை விரலில் போடுவதும், நைட்ரோகிளிசரின் களிம்பு தடவுவதும் உண்டு. பிரஷரைப் பார்த்து டாக்டர் முடிவு செய்வார். ஆண்கள் வயாகரா வகை மாத்திரை ஏதும் சாப்பிட்டிருந்தால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். அதோடு நைட்ரோகிளிசரின் சேர்ந்தால் பிரஷர் தடாலென்று விழும்.

நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது. ஹார்ட் அட்டாக்கா?

மருந்தில் கொஞ்சம் ரத்தத்தில் சேர்ந்திருக்கும், பயத்தில் உங்கள் உடம்பு சுரந்த அட்ரினலினும் சேர்ந்திருக்கும். பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் அடங்கும். நெஞ்சுவலி, கடுமையான தலைவலி இருந்தால் காத்திருக்காதீர்கள்.

ஒவ்வாமை எனக்குத்தான். அவசரத்தில் என் விரலிலேயே குத்திக்கொண்டேன். எப்படியும் மருந்து உடம்புக்குள் போய்விட்டதே?

போகவில்லை என்றே கணக்கில் எடுங்கள். குழாய் சுருங்கிய விரலில் மருந்து அங்கேயே முடங்கிக் கிடக்கும். ரெண்டாவது பேனா இருந்தால் தொடையில் போடுங்கள். இல்லையென்றால் 108.

பேனாவில் இன்னும் மருந்து மிச்சம் தெரிகிறதே, அதை எடுத்துப் போட முடியாதா?

இதைக் கேட்டவர் ஒரு மெக்கானிக். கண் கூர்மை. எபிபென்னுக்குள் 2 மில்லி இருக்கும், பாய்வது 0.3 மில்லிதான். மிச்சம் அப்படியே நிற்கும். ஒருமுறை பாய்ந்த பேனா திரும்பப் பாயாது. உடைத்து எடுக்கப் போனால் இன்னொரு விரலும் போகும், மருந்தின் அளவும் தெரியாது.

ஊசி விரலிலேயே மாட்டிக்கொண்டால்?

விரல் எலும்பில் முட்டி ஊசி கொக்கி மாதிரி வளைவது உண்டு. லேசாக இழுத்து வந்தால் சரி. வரவில்லையென்றால் பேனாவோடு சேர்த்து அசையாமல் பிடித்துக்கொண்டு வாருங்கள். எக்ஸ்ரே எடுத்து, மரத்துப்போக ஊசி போட்டு எடுப்பார்கள்.

டாக்டர் ஆம்பியூலும் சிரிஞ்சும் வைத்துக்கொள்ளச் சொன்னார். அது குத்திவிட்டால்?

பேனா எளிதில் கிடைக்காத நம்மூரில் பல பேருக்கு இதுதான் வழி. 1 மில்லியில் 1 மி.கி. உள்ள கண்ணாடிக் குப்பி. மருந்து ஒன்று, வீரியமும் ஒன்று, அதனால் மேலே சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும். ஊசி விரலில் பட்டாலும் பிஸ்டனை அமுக்கியிருக்கமாட்டீர்கள், எனவே பெரும்பாலும் வெறும் குத்துதான். குப்பியை உடைக்கும்போது துணியைச் சுற்றி உடைக்காமல் விரலை வெட்டிக்கொள்வதுதான் இங்கே நான் அதிகம் பார்ப்பது.

சரி, பேனாவை எப்படித்தான் பிடிக்கவேண்டும்?

கொடிக்கம்பைப் பிடிப்பது மாதிரி உள்ளங்கையில் முட்டியாக. பெருவிரல் மற்ற விரல்கள் மேல் மடங்கிப் படியவேண்டும், இரண்டு முனையிலும் எந்த விரலும் போகக் கூடாது. இன்னொரு கையால் நீல மூடியை நேராக உருவுங்கள். ஆரஞ்சு முனையைத் தொடையின் நடுவில் வெளிப்பக்கமாக ‘டக்’ என்று கேட்கும்வரை அழுத்தி, மூன்று வரை எண்ணுங்கள். பழைய பெட்டிகளில் பத்து வரை என்று அச்சிட்டிருக்கும். லுங்கி, சுடிதார் மேலேயே குத்தலாம். சின்னப் பிள்ளை என்றால் காலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், உதறினால் தொடை கிழிந்துவிடும், உங்கள் கையிலும் பட்டுவிடும்.

பேனாவைப் பிரிட்ஜில் வைக்காதீர்கள், வெயிலில் நிற்கிற வண்டிக்குள்ளும் வைக்காதீர்கள். மருந்து பழுப்பு நிறமாகிவிட்டால் மாற்றவேண்டும். காலாவதியானதைப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுக்கக் கூடாது. தேதி முடிந்தாலும் ஊசி பாயும். பழகுவதற்கென்றே ஊசியும் மருந்தும் இல்லாத பேனா இருக்கிறது, வளைகுடாவிலிருந்து வருகிறவரிடம் அதையும் ஒன்று வாங்கி வரச் சொல்லுங்கள்.

உங்கள் அத்தான் விரல் என்ன ஆனது?

நாலு மணி நேரம் கழித்து அடிக்கணுவிலிருந்து சிவப்பு ஏறி வந்தது. ரத்தம் திரும்பும்போதுதான் வலியே. அதுவரை பேசாமல் இருந்தவர் அப்போது கத்தினார். மூணு வாரம் நுனியில் மதமதப்பு இருந்தது, சட்டைப் பொத்தான் போட அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பையன் அன்றிரவு முழுக்க எங்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்துவிட்டு மறுநாள் காலையில் இட்லி கேட்டான்.